ரொட்டி வாங்கப் போனவர்கள்

டிசம்பர் முதல் திங்கட்கிழமை காலையில் ரொக்காவெந்தோவில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. "எத்தனாவது?" என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

மிலானிலுள்ள ஒரு வணிகப் பத்திரிகை அன்றுதான் அந்தப் பட்டியலை வெளியிடும். நாட்டின் நூற்றேழு மாவட்டத் தலைநகரங்களில் மனிதன் வாழத் தோதானது எது, மோசமானது எது என்று தொண்ணூறு விஷயங்களை அளந்து, முதல் ஊரிலிருந்து கடைசி ஊர் வரை வரிசையாகப் போட்டுவிடுவார்கள். மேலே எப்போதும் பனிமலை தெரிகிற வடக்கூர் ஏதாவது இருக்கும். கீழே நாங்கள் இருப்போம், அல்லது எங்களைப் போல் இன்னொரு பாவப்பட்ட தெற்கூர்.

தெக்லாவின் காபிக்கடைக்குள் நான் நுழைந்தபோது, அவள் கல்லாவுக்குப் பின்னால் செய்தித்தாளை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்து, மரண அறிவிப்பைப் படிக்கிற முகத்துடன் நின்றிருந்தாள்.

"எத்தனாவது?" என்றேன்.

"நூத்தி ஏழு."

"போன வருஷம் நூத்தி ஆறு இல்ல? நமக்குக் கீழ ஒருத்தன் இருந்தானே?"

"அவன் சைக்கிள் பாதை போட்டு மேல ஏறிட்டானாம்."

எங்கள் ஊர் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே சைக்கிள் பாதை போட்டால் ஒரு திசையில் மட்டும்தான் போகலாம். திரும்பி வரும்போது வண்டியைத் தோளில் சுமக்க வேண்டும். இதை மிலானுக்கு யார் போய்ச் சொல்வது?

"ஒண்ணுலகூடவா முதல் இடம் இல்ல?" என்று மூலை மேசையிலிருந்து மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"இருக்கே. சைக்கிள் திருட்டு நாட்டுலயே நம்ம ஊர்லதான் கம்மி."

"பாத்தியா! அத ஏன் கொட்டை எழுத்துல போடல?"

"உடற்பயிற்சிக் கூடம், தலைக்கு இத்தனைன்னு பாத்தா நாமதான் கடைசியாம்," என்று தெக்லா தொடர்ந்தாள். "சந்தையிலேர்ந்து உருளைக்கிழங்கு மூட்டைய தூக்கிக்கிட்டு மேல் தெருவுக்கு ஒரு நட ஏறச் சொல்லுங்க அந்த எழுதினவன. அப்புறம் பேசலாம் உடற்பயிற்சி."

வழக்கமாக நானும் இந்தக் கூச்சலில் சேர்ந்து கொஞ்ச நேரம் கத்திவிட்டு, காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எட்டரைக்கு நகராட்சிக்குப் போய்விடுவேன். இந்த வருஷம் முடியவில்லை. சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. எங்கள் குடும்பக் குழுவில் மருமகன் மான்ஃப்ரெட் அந்தப் பட்டியலை அனுப்பியிருந்தான். அதோடு ஒரு வார்த்தை இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. வடக்கத்திக்காரர்கள் கோபப்படுவது இப்படித்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகள் இலேனியா வடக்கே போலோன்யாவில் குழந்தை மருத்துவர். ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். மான்ஃப்ரெட்டைக் கல்யாணம் செய்துகொண்டு, மார்த்தா என்ற இரண்டு வயதுப் பேத்தியைப் பெற்று, அதைக் கைபேசித் திரையில் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஊர் மருத்துவமனையிலோ குழந்தைகள் பிரிவுக்கு இரண்டு வருஷமாக நிரந்தர மருத்துவர் இல்லை. மாநில அரசு ஒரு திட்டம் போட்டது: இங்கே பிறந்து, வெளியே ஐந்து வருஷத்துக்குமேல் வாழ்கிற மருத்துவர்கள் திரும்பி வந்தால் நிரந்தர வேலை. இலேனியா விண்ணப்பித்தாள். தேர்வும் ஆகிவிட்டாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று பதில் அனுப்ப வேண்டும். அவளுக்கு அரை மனசு. எனக்கும் என் மனைவி ரொசால்பாவுக்கும் ஒன்றரை மனசு. மான்ஃப்ரெட் பாலம் கட்டுகிற பொறியாளர், பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கிற போல்சானோக்காரன். தங்கமான பிள்ளை, ஆனால் எண்களை நம்புகிறவன்.

அவர்கள் வருவார்களா, மாட்டார்களா? எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். ஊரின் மானமெல்லாம் அதற்கப்புறம்.

பத்து மணிக்கு இலேனியா அழைத்தாள்.

"அப்பா, பட்டியல பாத்தீங்களா?"

"எந்தப் பட்டியல்?"

"நடிக்காதீங்க."

"அது அநியாயம்மா. மிலான்ல உக்காந்துகிட்டு நம்ம ஊரப் பத்தி..."

"அத மான்ஃப்ரெட் கிட்ட சொல்லுங்க. தொண்ணூறையும் வரி விடாம படிச்சிட்டாரு. குழந்தைகள் காப்பகம், கடைசி. பஸ், கடைசி. டாக்டர பாக்கக் காத்திருக்கற நாள், கடைசி."

"டாக்டர் இல்ல, அதான் காத்திருக்காங்க. நீ வந்தா அது குறையும்."

"அப்பா, அநியாயம்னா எப்படி அநியாயம்னு சொல்லுங்க. கோவம் வேணாம், அது எங்கிட்டயே நிறைய இருக்கு. காரணம் வேணும்."

நான் மக்கள் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷமாக இருக்கிறேன். யார் பிறந்தார், யார் இறந்தார், யார் ஊருக்குள் வந்தார், யார் போனார் என்ற நாலு விஷயமும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. எண்களோடு சண்டை போட என்னைவிடத் தகுதியானவன் ஊரில் கிடையாது என்று நினைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, பட்டியலின் பின்னிணைப்பைப் பிரித்தேன். எறும்பு அளவு எழுத்து. கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

எல்லாமே தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. விற்ற சினிமா டிக்கெட்டுகளை ஊர்க்காரர்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். நூலகத்தில் எடுத்த புத்தகங்கள், செலவு செய்த பணம், நட்ட மரங்கள், ஓடுகிற பேருந்துகள், எல்லாவற்றையும் அப்படியே வகுத்திருந்தார்கள். வகுத்த எண் 31,412.

அந்த எண் எனக்கு நன்றாகத் தெரியும். கொடுத்தவனே நான்தான்.

அது பொய்யென்று எனக்கு மட்டுமில்லை, ஊரில் எல்லாருக்கும் தெரியும். ரொக்காவெந்தோவை விட்டு யாரும் போவதில்லை, தாளில். வடக்கே தூரினுக்குப் போகிறவன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போகிறவன், எல்லாரும் பெட்டியை எடுத்துக்கொண்டு பெயரை இங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டு வரி குறைவு, மச்சான் தேர்தலில் நின்றால் ஓட்டுப் போடலாம் என்று காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் அவர்களின் அம்மா. குடும்பச் சான்றிதழ் எடுத்தால் அதில் மகன் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு முன்னால் நின்று அழுவாள். எனக்கு யாராவது அழுதால் தாங்காது. அதனால் பெயரை எடுக்கச் சொல்லி யோக்கியமாக வந்தவர்களிலும் பலரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். "என்ன அவசரம்? அங்க சரிப்பட்டு வருதான்னு மொதல்ல பாரு," என்பேன். ஸ்டுட்கார்ட்டில் பதினாறு வருஷமாகச் சரிப்பட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற குழாய்க்காரன் ஒருவன் என் பதிவேட்டில் இருக்கிறான். அங்கே அவனுக்கு மூன்று கடைகள்.

துப்புரவுப் பிரிவில் குப்பை எடை கேட்டேன். பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை கேட்டேன். கூட்டிக் கழித்தால் ஊரில் நிஜமாகச் சோறு தின்கிறவர்கள் இருபத்திரண்டாயிரம் பேர் இருந்தால் அதிகம். அந்த எண்ணால் வகுத்துப் பார்த்தேன். சாயங்காலம் வரை ஒவ்வொரு வரியாக வகுத்தேன். நாங்கள் தொண்ணூற்று நாலாவது இடத்துக்கு வந்தோம்.

தொண்ணூற்று நாலு என்ற எண்ணைப் பார்த்து ஒரு மனிதனுக்குக் கண் கலங்கும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் மற்றது உறைத்தது. எங்களைக் கடைசிக்குத் தள்ளியது மிலான் இல்லை. முப்பத்தோரு வருஷமாக, அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, நல்ல மனசோடு, நானே தள்ளியிருக்கிறேன்.

மறுநாள் மேயர் தொனாத்தோ ஸ்கார்ஃபோவிடம் போனேன். என் பங்கை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அப்ப இது மிலானோட தப்பு!"

"எண் நாம குடுத்தது, மேயர் சார்."

"நாம குடுத்தா? அவங்களுக்கு அறிவு வேணாம்? சந்தேகப்பட்டிருக்கணும் இல்ல? எவரிஸ்தோ, வீடு வீடா போயி எண்ணு. யார் நிஜமா இருக்கா, யார் இல்ல. அடுத்த வாரம் பத்திரிகைக்காரங்கள கூப்பிட்டு உண்மைய மூஞ்சியில அடிக்கறோம்."

எண்ணுவதற்கு நகராட்சிக் காவலர் ஒரோன்சோவை அனுப்பினோம். ஒரோன்சோ நல்ல கனத்த ஆள், தட்டைப் பாதம், யாரையும் கோபித்துப் பேச வராது. அதனால்தான் ஊரில் வண்டிகள் நிற்கிற லட்சணம் இப்படி இருக்கிறது. புதன்கிழமை காலை பெயர்ப் பட்டியலோடு கிளம்பினான். மதியம் என் அறைக்கு வந்து நாற்காலியில் விழுந்தான்.

"அண்ணே, நம்ம ஊர்ல இன்னிக்கு எல்லாரும் ரொட்டி வாங்கப் போயிருக்காங்க."

"என்னடா சொல்ற?"

"கிணத்துத் தெரு பதினாலாம் நம்பர். பையன் எங்கன்னு கேட்டேன். ரொட்டி வாங்கப் போயிருக்கான்னு அவங்கம்மா சொல்றாங்க. சரி, காத்திருக்கேன்னேன். காபி போட்டுக் குடுத்தாங்க. அரை மணி கழிச்சு, 'கடையில கூட்டம் போல'ங்கறாங்க. அண்ணே, அவன் ஹாம்பர்க்ல இருக்கான். நேத்து பனியில நின்னு போட்டோ போட்டான், நான் லைக் போட்டிருக்கேன்."

"அத அந்தம்மாகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? காபிக்கு பாதாம் பிஸ்கட் வேற குடுத்தாங்க."

வியாழக்கிழமைக்குள் செய்தி பரவிவிட்டது: நகராட்சி பிள்ளைகளின் பெயரை அடிக்க வருகிறது. தாய்மார்கள் தயாராகிவிட்டார்கள். படுக்கையைக் கலைத்து வைத்தார்கள். வாசலில் பத்து வருஷப் பழைய காலணிகளைத் துடைத்து வைத்தார்கள். ஒரு வீட்டில் முகச்சவரக் கத்தியைக் காட்டி, "பாரு, இன்னும் ஈரமா இருக்கு," என்றார்களாம். அங்கே ஒரோன்சோ விசாரிக்கப் போனது அவர்களுடைய மகளைப் பற்றி.

நான் கத்தினேன். "எல்லாருக்கும் பைத்தியமா? பட்டியல்ல கடைசின்னா கத்தறாங்க. ஏன் கடைசின்னு சொல்ல வந்தா பொய் சொல்றாங்க!"

"என்கிட்ட ஏன் அண்ணே கத்தறீங்க? நான் ஒம்போது காபி குடிச்சிருக்கேன். நெஞ்சு படபடங்குது."

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வரை அவன் முந்நூறு வீடுகள் ஏறி இறங்கினான். கணக்கெடுப்பு முடிவை மேயரிடம் கொண்டுபோய் வைத்தேன். ஊரில் இல்லாதவர்கள்: யாருமில்லை. மூன்று அம்மாக்கள், முன்பே முறைப்படி பெயர் நீக்கிக்கொண்டு போன மகன்களையும் திரும்பச் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருந்தார்கள். மக்கள்தொகை 31,415.

மேயர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப பட்டியல் சரிதானா?"

"கணக்கு சரி, மேயர் சார். நாமதான் சரியில்ல."

"பத்திரிகைக்காரங்கள கூப்பிட்டுட்டேனே?"

"ரொட்டி வாங்கப் போயிருக்கீங்கன்னு சொல்லிடட்டுமா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. எனக்கு மிச்சம் இருந்தது மூன்று நாள். மருமகனிடம் காட்ட ஒரு நேர்மையான எண்கூட என் கையில் இல்லை.

அன்று சாயங்காலம் இலேனியா மறுபடியும் அழைத்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது. சின்ன வயதில் பள்ளியிலிருந்து மதிப்பெண் அட்டையோடு வரும்போது இருக்கும் குரல். ஆனால் இப்போது மாட்டிக்கொண்டது நான்.

"அப்பா, மாநிலத்துலேர்ந்து கடிதம் வந்திருக்கு. நான் வெளியில அஞ்சு வருஷம் இருந்தேன்னு நிரூபிக்கணுமாம்."

"அதுக்கென்ன, நிரூபி."

"வேலைச் சான்று அனுப்பினேன். வாடகை ஒப்பந்தம் அனுப்பினேன். இது எதுவும் செல்லாதுங்கறாங்க. ஏன்னா ரொக்காவெந்தோ நகராட்சி பதிவேட்டுப்படி நான் ஊரை விட்டு எங்கயும் போகவே இல்லையாம். ஒன்பது வருஷமா என் ரூம்லதான் தூங்கிட்டிருக்கேனாம்."

நான் கைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"கல்யாணத்தப்பவே மாத்திடறேன்னு சொன்னேன். 'கொழந்த பொறக்கட்டும்'னீங்க. கொழந்த பொறந்துச்சு. 'பல் முளைக்கட்டும்'னீங்க. அப்பா, அவளுக்கு எல்லாப் பல்லும் முளைச்சாச்சு. பதிவேட்டுப்படி நான் புருஷன விட்டுட்டு அம்மா வீட்ல வந்து உக்காந்திருக்கேன். ஊரை விட்டுப் போகாதவ எப்படித் திரும்பி வர முடியும்? சொல்லுங்க, நீங்கதான அதுக்கு அதிகாரி."

"என்ன வேணும்?"

"நான் அங்க இல்லன்னு காவலர் நேர்ல பாத்து எழுதின அறிக்கை. அத வச்சு உங்க சான்று. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள."

ரொசால்பாவிடம் சொன்னேன். அவள் கொண்டைக்கடலை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"பேர எடுத்துடுவ. சரி. அதுக்கப்புறம் மான்ஃப்ரெட் வேணாம்னுட்டா? அவ வரலன்னா?"

"வந்தா..."

"வரலன்னா என்னன்னு கேட்டேன்."

வராவிட்டால் மகளும் இல்லை, பெயரும் இல்லை. அதையும் என் கையால் எழுதியிருப்பேன். அந்த ராத்திரி ஒரு திருட்டு யோசனையும் வந்தது: அறிக்கை எதுவும் இல்லாமலே முன்தேதி போட்டு ஒரு வரி எழுதிவிட்டால் என்ன? முப்பத்தோரு வருஷத்தில் பொய்யான எண்ணை எத்தனையோ முறை விட்டு வைத்திருக்கிறேன், ஆனால் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று விடியும் வரை யோசித்தேன். அதிகமில்லை என்றுதான் தோன்றியது. இருந்தாலும் எழுதவில்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு வேளைக்கு ஒரோன்சோ எங்கள் வீட்டு மணியை அடித்தான். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். தொப்பியைக் கழற்றி, தாளை எடுத்து, முறைப்படி கேட்டான்.

"அண்ணி, இலேனியா வீட்ல இருக்காங்களா?"

ரொசால்பா அவனை நேராகப் பார்த்தாள்.

"இப்பதான் ரொட்டி வாங்கப் போனா."

மேசையில் முழு ரொட்டி ஒன்று, இன்னும் வெட்டாமல், நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. ஒரோன்சோ அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ரொசால்பா மட்டும் பார்க்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, கால் வீங்கிப் போச்சு. இத்தன வீடு ஏறியும் ஒருத்தர்கூட ஒரு உண்மை சொல்லல. நீங்களும் சொல்லலன்னா இங்கயும் ஒரு காபி குடிச்சுட்டுப் போறேன். அவ்வளவுதான்."

ஊர் முழுவதையும் நான் ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். எளிமையான ஒரு உண்மையைச் சொல்ல இவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என் முறை. "கடையில கூட்டம் போல" என்ற வாக்கியம் தொண்டை வரை வந்து, மரியாதையாக வரிசையில் நின்றது. கிணத்துத் தெரு அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"இல்ல," என்றேன்.

"இல்லன்னா?"

"அவ இங்க இல்ல."

"எங்க இருக்காங்க?"

"போலோன்யா."

"எப்பலேர்ந்து?"

"ஒம்போது வருஷமா. அவ ரூம்ல இப்ப இஸ்திரிப் பலகையும் நாப்பது பாட்டில் தக்காளிச் சாறும்தான் குடியிருக்கு."

"அதையும் எழுதவா?"

"எழுதுடா. உண்மைதானே."

அவன் மெதுவாக, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினான். ரொசால்பா எழுந்து அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டது. எதையோ நகர்த்தினாள். நான் கையெழுத்துப் போட்டு முடித்தபோது வெளியே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"நானும் போடணுமா?"

"வேணாம் அண்ணி, ஒருத்தர் போதும்," என்றான் ஒரோன்சோ.

"குடு இங்க. இவரு மட்டும் போட்டா, பின்னாடி ஒரு நாள் சண்டையில 'நீதான அவள அனுப்பின'ன்னு கேட்டுடுவேன். எனக்கு என்னப் பத்தித் தெரியும்."

போட்டாள். பிறகு அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். கொண்டைக்கடலை பாஸ்தா. அவன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். வாரம் முழுக்கக் காபி மட்டும் குடித்தவன், பாவம்.

மதியம் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டில் எழுதினேன். 31,414. ஒரு எண் குறைவதற்கு அரை நிமிஷம் ஆகிறது. பேனாவை மூடுவதற்குத்தான் நேரமானது.

வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். காலை பத்தரைக்குக் கைபேசி அடித்தது. இலேனியா இல்லை, மான்ஃப்ரெட். அவன் என்னைத் தனியாக அழைத்தது அதுவரை இரண்டே முறை, இரண்டும் என் பிறந்த நாளுக்கு.

"மாமா, சான்று வந்துடுச்சு. நன்றி. ஒண்ணு கேக்கணும். பட்டியல் அநியாயம்னு சொன்னீங்களாம்."

"ஆமா."

"எனக்கும் ஒரு சந்தேகம். உங்க ஊர்ல தலைக்கு விழற குப்பை, நாட்டுலயே கம்மி. உங்க ஆளுங்க குப்பையே போடறதில்லையா, இல்ல ஆளே இல்லையா?"

"ஆளே இல்ல," என்றேன். ஒப்புக்கொள்வது இரண்டாவது முறை கொஞ்சம் சுலபமாகத்தான் இருந்தது. "ஒன்பதாயிரம் பேர் போயிட்டாங்க. பேர் மட்டும் எங்கிட்ட இருக்கு. எடுத்திருக்க வேண்டியவன் நான். எடுக்கல."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். சரியா வகுத்தா தொண்ணூத்தி ரெண்டு வருது."

"தொண்ணூத்தி நாலு, மாப்பிள்ள. நான் போட்டுப் பாத்துட்டேன்."

"இல்ல, தொண்ணூத்தி ரெண்டு. நீங்க கார் எண்ணிக்கைய மாத்தியிருக்க மாட்டீங்க. கார் கூடினா ஊர் கீழ இறங்கும், ஆனா அதுல பாதி வண்டி ஜெர்மனியில ஓடுது."

என் மருமகன் ராத்திரி உட்கார்ந்து எங்கள் ஊரை இரண்டு படி மேலே ஏற்றியிருக்கிறான். எனக்கு அவன்மேல் பாசம் பொங்கியது. ரொசால்பா என் காதோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆனா மாமா, குழந்தைகள் காப்பகம். அதுவும் தப்பான கணக்கா?"

ரொசால்பா என் கையைக் கிள்ளினாள். சொல்லு, தப்புன்னு சொல்லு என்று அந்தக் கிள்ளலுக்கு அர்த்தம். சொல்லியிருக்கலாம். அவன் நம்பவும் செய்திருப்பான், அன்று என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"இல்ல," என்றேன். "அது நியாயமான கணக்குதான். கொழந்தைங்கள யாரும் இங்க பொய்யா பதியறதில்ல, அதுங்க போன ஊர்லதான் பொறக்குது. நூறு கொழந்தைக்கு எட்டு இடம். எப்படி வகுத்தாலும் அதுல நாங்க கடைசிதான். டாக்டர் விஷயத்துலயும் கடைசிதான். நேத்து தெக்லாவோட பேரன காதுவலிக்கு ரெண்டு மணி நேரம் வண்டியில தூக்கிக்கிட்டுப் போனாங்க. அதெல்லாம் அநியாயம்னு நான் சொல்ல மாட்டேன். தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கும் எனக்கே."

ரொசால்பா என் கையை விட்டுவிட்டாள். கிள்ளுவதைவிட அது வலித்தது.

தூரத்தில் இலேனியாவின் குரல் கேட்டது: "என்ன சொல்றாரு?"

"உண்மைய சொல்றாரு," என்றான் மான்ஃப்ரெட். பிறகு என்னிடம்: "மாமா, இலேனியா இப்ப சரின்னு அனுப்பறா. மொத ஆறு மாசம் தகுதிகாண் காலம். நான் பிப்ரவரியில வந்து எல்லாத்தையும் கண்ணால பாக்கறேன். காப்பகத்துக்கு யார்கிட்ட பேசணுமோ அவங்கள அன்னிக்கு வரச் சொல்லுங்க. மேயரையும்."

"மேயர் வருவாரு. வரலன்னா நான் வீட்லேர்ந்து இழுத்துக்கிட்டு வரேன்."

"எப்படி வரணும்? கடற்கரைச் சந்திப்பு வரைக்கும் ரயில். அப்புறம்?"

"அப்புறம் பஸ்."

"ஏன் பஸ்? தண்டவாளம் இருக்கே. வரைபடத்துல பாத்தேன், ஊர் வரைக்கும் போகுது."

"தண்டவாளம் இருக்கு."

"ரயில்?"

"மாப்பிள்ள, பட்டியல்காரன் தண்டவாளத்தோட நீளத்தத்தான் அளக்கறான். அதுல நாங்க முப்பத்தஞ்சாவது. அந்தச் சந்தோஷத்தையாவது எனக்கு விட்டுட்டு, நீங்க பஸ்ல வாங்க."